2 டேட்டா சென்டர்களை இணைத்தால் நெட்வொர்க் ஏன் முடங்குகிறது? 'ஸ்பானிங் ட்ரீ' சிக்கலும் தீர்வும்

2002 நவம்பர் 13. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் நெட்வொர்க் தடுமாற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் வேலை செய்யும், மறுபடி படுத்துவிடும். அடுத்த சில நாட்களுக்கு மருந்துச்சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை எல்லாமே காகிதத்துக்கு மாறின. அவசர சிகிச்சைப் பிரிவு சில மணி நேரம் புதிய நோயாளிகளை ஏற்கவில்லை.

ஹேக்கிங் இல்லை, வைரஸும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுப்போட்டு வளர்ந்த நெட்வொர்க்கில் 'ஸ்பானிங் ட்ரீ' கைவிட்டதுதான் காரணம். தனித்தனி டேட்டா சென்டர்களை ஒன்றாக இணைக்கும் எல்லோருக்கும் இதே ஆபத்து இன்றும் இருக்கிறது.

ஸ்பானிங் ட்ரீ என்றால் என்ன?

ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக, சுவிட்ச்களுக்கு இடையே கூடுதலாக ஒரு கேபிள் போடுவது வழக்கம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பாதை இருந்தால் அது ஒரு வட்டம், அதாவது 'லூப்'. ஈதர்நெட் தகவலுக்குக் காலாவதி கிடையாது. எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு தகவல் லூப்பில் மாட்டினால், சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே போகும். சில விநாடிகளில் மொத்த நெட்வொர்க்கும் திணறிவிடும்.

இதற்கு 1985இல் தீர்வு கண்டவர், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன். சுவிட்ச்கள் தங்களுக்குள் ஒன்றை 'ரூட்' ஆக, அதாவது தலைமை சுவிட்சாகத் தேர்ந்தெடுக்கும். அதை அடையும் சிறந்த பாதை மட்டும் திறந்திருக்கும். உபரிப் பாதைகள் அடைக்கப்படும். பாதை அறுந்தால்தான் அவை திறக்கும்.

தலைவர் யார்?

'பிரையாரிட்டி' எண் எந்த சுவிட்ச்சில் குறைவோ, அதுவே ரூட். யாரும் மாற்றாவிட்டால் எல்லா சுவிட்ச்களிலும் பொதுவாக 32768தான் இருக்கும். அப்போது மேக் அட்ரஸ் குறைவாக உள்ள சுவிட்ச் ஜெயிக்கும். பெரும்பாலும் அது பழைய சுவிட்ச்சாக இருக்கும். விளைவு, மூலையில் கிடக்கும் பழைய பெட்டி மொத்த நெட்வொர்க்கின் தலைவராகிவிடலாம்!

தனித்தனியாக இருக்கும்வரை 2 டேட்டா சென்டர்களுக்கும் தனித்தனி ரூட். நேரடியாக ஒரு கேபிள் போட்டதும் மறுதேர்தல். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாதே! ஒரு பக்கத்து ரூட் பதவி இழக்கும், பாதைகள் மாறும். பழைய முறையில் இது முடிய 30 முதல் 50 விநாடி ஆகும். அதுவரை பல போர்ட்களில் தரவு நகராது.

மருத்துவமனையில் என்ன நடந்தது?

பழைய ஸ்பானிங் ட்ரீயின் நேரக் கணக்குகள், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே அதிகபட்சம் 7 சுவிட்ச்கள் என்ற அளவை வைத்துப் போடப்பட்டவை. மருத்துவமனையின் சில பாதைகள் அதைத் தாண்டி நீண்டுவிட்டன. அந்த நேரம் பார்த்து, பெரிய அளவில் தரவுப் போக்குவரத்தும் சேர்ந்துகொண்டது. நெட்வொர்க்கால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இரு பக்கமும் வேறு வேறு முறை என்றால்?

இங்கேதான் தலைவலி அதிகம்.

* பழைய எஸ்டிபி - ஆர்எஸ்டிபி: இரண்டும் பேசிக்கொள்ளும். ஆனால் எஸ்டிபி சுவிட்ச்சைத் தொடும் போர்ட்டில் ஆர்எஸ்டிபி தன் வேகத்தை இழந்து பழைய முறைக்கு இறங்கிவிடும்.

* பிவிஎஸ்டி பிளஸ் - பிற நிறுவன சுவிட்ச்கள்: சிஸ்கோவின் இந்த முறையில் ஒவ்வொரு விலானுக்கும் தனி மரம். பிற நிறுவன சுவிட்ச்கள் பலவும் பொதுவான ஒரு மரத்தை மட்டுமே புரிந்துகொள்ளும். மற்ற விலான்களின் செய்திகளை சாதாரணத் தரவு என நினைத்துக் கடத்திவிடும்.

* பிவிஎஸ்டி பிளஸ் - எம்எஸ்டிபி: எம்எஸ்டிபியில் பல விலான்களுக்குச் சேர்த்து ஒரே மரம். இணைப்பில் எல்லா விலான்களுக்கும் ரூட் ஒரே பக்கம் இருக்க வேண்டும். சிலவற்றுக்கு இங்கே, சிலவற்றுக்கு அங்கே என்றால் சிஸ்கோ சுவிட்ச் அந்த போர்ட்டையே முடக்கிவிடும்.

தீர்வு என்ன?

'ஸ்பானிங் ட்ரீ செய்திகளை வடிகட்டிவிட்டால் போச்சு' என்று சிலர் பிபிடியு ஃபில்டர் போடுவார்கள். ஒரே ஒரு இணைப்பு இருக்கும்வரை பிரச்னை தெரியாது. பாதுகாப்புக்கு என யாராவது இரண்டாவது கேபிள் போட்டால், அங்கே லூப் இருப்பதைக் கண்டுபிடிக்க ஆளே இருக்காது.

பாதுகாப்பான வழி, நடுவே ரவுட்டர் வைப்பது. ஸ்பானிங் ட்ரீ செய்திகள் ரவுட்டரைத் தாண்டாது. ஒவ்வொரு டேட்டா சென்டரும் தன் மரத்தோடு இருக்கும். ஒரு பக்கம் லூப் விழுந்தாலும் மறுபக்கம் பரவாது. இரு பக்கமும் ஒரே விலான் வேண்டும் என்றால், ரவுட்டர்கள் மீது ஓடும் விஎக்ஸ்லான் போன்ற முறைகள் உள்ளன.

வேறு வழியில்லை, சுவிட்ச்சோடு சுவிட்ச்சைத்தான் இணைத்தாக வேண்டும் என்றால்:

* ரூட் எது, அது விழுந்தால் அடுத்தது எது என முன்பே முடிவு செய்து பிரையாரிட்டியைக் கைப்பட மாற்றுங்கள். இந்த எண் 4096இன் மடங்காக இருக்கும்.
* ரூட் இல்லாத பக்கத்தை நோக்கிய போர்ட்டில் 'ரூட் கார்டு' போடுங்கள்.
* முடிந்தால் இரு பக்கமும் ஒரே முறைக்கு மாறிய பிறகு இணையுங்கள்.
* வேலைநேரத்தில் கேபிளைச் செருகாதீர்கள்.

கேபிளைச் செருக ஒரு நிமிடம் போதும். ஆனால் பாஸ்டனில் நெட்வொர்க் நிலையாகச் சீராக சுமார் 4 நாட்கள் ஆனது.