கசியும் வெந்நீர்க்கலன் சொல்லும் வரலாறு



நம் வீட்டுக் குளியலறையின் கூரைக்கு அருகே தொங்கும் வெள்ளைக் கலனை நாம் நிமிர்ந்து பார்ப்பதே அரிது. அது சொட்டத் தொடங்கும்போதுதான் பார்க்கிறோம். பார்த்தவுடன் பெரும்பாலான வீடுகளில் மூன்றில் ஒன்று நடக்கிறது. கலனுக்குக் கீழே ஒரு வாளியை வைக்கிறார்கள். கசியும் இடத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றுகிறார்கள். அல்லது சொட்டும் சிறு குழாயின் வாயைத் துணியாலோ மரக்குச்சியாலோ அடைத்துவிடுகிறார்கள். முதலாவது சோம்பல். இரண்டாவது வீண்வேலை. மூன்றாவது உயிருக்கே உலை வைப்பது. இதன் காரணத்தை அறிவியல் நூல் ஒரு வரியில் கூறிவிடும். வரலாற்றைப் படித்தால்தான் அந்த ஒரு வரியின் விலை என்னவென்று விளங்கும்.

திறந்த கலமும் மூடிய கலமும்

நம் முன்னோர்கள் வெந்நீர் காயவைத்த கலங்களை எண்ணிப் பாருங்கள். தமிழகத்து வீடுகளில் வெந்நீர்த் தவலை இருந்தது. நடுவே கரி போடும் குழாயும் பக்கத்தில் திருகுக்குழாயும் கொண்ட செம்புப் பாய்லர் இருந்தது. இங்கே தோட்டப்புறங்களில் விறகடுப்பின்மேல் தகர டின் இருந்தது. இவை அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஆவி வெளியேற வழி இருந்ததால் உள்ளே அழுத்தம் சேரவில்லை. தவலை ஓட்டையானால் நீர் வீணாகும், அடுப்பு அணையும், அவ்வளவே. பற்றவைத்தால் மீண்டும் பயன்படும்.

இன்றைய சேமிப்புவகை வெந்நீர்க்கலன் அப்படிப்பட்டதன்று. அது மூடிய கலம். குழாய்நீரின் அழுத்தத்தை எந்நேரமும் தாங்கிக்கொண்டு, அதே வேளையில் வெப்பத்தையும் ஏற்கிறது. ஆகவே அதன் கசிவைத் தவலையின் கசிவுபோல் கருதலாகாது.

'கீசர்' பிறந்த கதை

1868இல் இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், எரிவாயுவால் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை நினைவூட்டும் வகையில் அதற்குக் 'கீசர்' என்று பெயரிட்டார். தமிழகத்தில் இன்றும் வழங்கும் 'கீசர்' என்னும் சொல் அங்கிருந்து வந்ததே. அக்கருவியில் எரிந்த வாயு வெளியேறப் புகைபோக்கி இல்லை. வெந்நீர் கிடைத்தது, பாதுகாப்பு கிடைக்கவில்லை.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வின் ரூட் என்னும் பொறியாளர், 1889இல் பிட்ஸ்பர்க் நகரில், தானியங்கிச் சேமிப்புவகை வெந்நீர்க்கலனை உருவாக்கினார். நீர் போதிய அளவு சூடானதும் நெருப்பு தானே தணியும். இன்றைய வீட்டுக் கலன்களின் மூதாதை இதுவே. ஆனால், மனிதனின் கண்காணிப்பு இல்லாமல் ஒரு மூடிய கலம் தானே சூடாகிறது என்றால், அதன் கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் என்ன நேரும்? இக்கேள்விக்கான விடை அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சமையற்பாத்திரத்தில் கிடைத்திருந்தது.

குக்கரின் எடைக்கல்

1679இல் தெனி பப்பென் என்னும் பிரெஞ்சு அறிஞர், எலும்பையும் மென்மையாக வேகவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றை இலண்டன் அரச கழகத்தாருக்குக் காட்டினார். நம் சமையலறைக் குக்கரின் முன்னோடி அது. அழுத்தம் மிகுந்தால் பாத்திரம் வெடிக்கும் என்பதை உணர்ந்த அவர், எடையால் அழுத்தப்பட்ட ஒரு திறப்பை அதில் பொருத்தினார். அளவை மீறிய ஆவி அந்த எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். இதுவே காப்பு வால்வு.

குக்கர் 'விசில்' அடிக்கும்போது அந்த எடைக்கல்லைக் கயிற்றால் கட்டிவைக்கும் தாய்மார் எவரேனும் உண்டா? இல்லை. ஆனால் வெந்நீர்க்கலனின் காப்பு வால்விலிருந்து சொட்டும் குழாயை அடைப்பவர், செய்வது அதையேதான்.

ஒட்டுப் போட்ட கொதிகலன்

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, விடுதலையான போர்க்கைதிகளை ஏற்றிக்கொண்டு 'சுல்தானா' என்னும் நீராவிப் படகு மிசிசிப்பி ஆற்றில் சென்றுகொண்டிருந்தது. 376 பேருக்கே உரிமம் பெற்ற அப்படகில் 2,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். பயணத்தின் நடுவே விக்ஸ்பர்க் நகரில் கொதிகலன் ஒன்று கசிந்தது. முறையாகப் பழுதுபார்க்கப் பல நாள்கள் ஆகும் என்பதால், அவசரமாக ஓர் ஒட்டுத் தகட்டை வைத்துப் படகைச் செலுத்தினர். மெம்பிஸ் நகரைத் தாண்டியதும் கொதிகலன்கள் வெடித்தன. இறந்தோர் 1,100க்கும் மேற்பட்டோர். வெடிப்புக்குப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. எனினும் அந்த அவசர ஒட்டு வரலாற்றில் நீங்காத பாடமாக நிலைத்துவிட்டது.

1905ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் குரோவர் காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். இதன்பின் அம்மாநிலம் 1907இல் கொதிகலன் சட்டத்தை இயற்றியது. அடுத்த பத்தாண்டுக்குள் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பு பிறந்தது. இன்று ஒரு கலனில் காப்பு வால்வு கட்டாயம் என்று சட்டம் கூறுகிறது என்றால், அச்சட்டத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் புதைகுழிகள் உள்ளன.

ஒரு பள்ளியின் உணவுக்கூடம்

ஆசிரியர்களாகிய நாம் மறக்கக்கூடாத நிகழ்வு ஒன்றுண்டு. 1982ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள், அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் ஸ்பென்சர் என்னும் ஊரில், ஸ்டார் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் மதிய உணவு உண்டுகொண்டிருந்தனர். சமையலறையில் இருந்த வெந்நீர்க்கலன் வெடித்தது. ஆறு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் உயிரிழந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வெப்பக் கட்டுப்பாடும் காப்பு வால்வும் தம் கடமையைச் செய்யும் நிலையில் இல்லாததே காரணம்.

ஒரு வெந்நீர்க்கலனுக்கு அத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? அழுத்தத்துக்கு உட்பட்ட நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நீராகவே இருக்கும். கலன் பிளந்து அழுத்தம் நீங்கிய அக்கணமே அதில் ஒரு பகுதி ஆவியாக மாறும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தைக் கேட்கும். சுவர் அதற்குத் தடையாகுமா?

கசிவின் மொழி

இனி நம் வீட்டுக்கு வருவோம். கசிவு எல்லாம் ஒன்றன்று. எங்கிருந்து கசிகிறது என்பதே முதற்கேள்வி.

1. காப்பு வால்விலிருந்து சொட்டுதல்: நீர் சூடேறும்போது விரியும். 50 லிட்டர் நீர் நம் நாட்டுக் குழாய்நீரின் வெப்பநிலையிலிருந்து 60 பாகைக்குச் சூடானால் அரை லிட்டருக்கும் மேல் கூடும். பின்னோக்கிச் செல்லும் வழி அடைபட்டிருப்பதால், கூடுதல் நீர் வால்வின் வழியே வெளியேறும். ஆகவே, சூடேறும் வேளையில் மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள். இரவும் பகலும் ஓயாது சொட்டினால் வால்வு பழுதாகியிருக்கலாம். குழாய் அழுத்தமோ வெப்பமோ மிகுந்தும் இருக்கலாம். எதுவாயினும் அடைத்தல் தீர்வன்று.

2. குழாய் இணைப்பில் கசிதல்: இறுக்கினாலோ இணைப்பை மாற்றினாலோ சரியாகும்.

3. கலனின் உடலிலிருந்து கசிதல்: உட்சுவர் துருப்பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1824இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர், பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடுகள் அரிக்கப்படாமலிருக்கத் துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் துண்டுகளைப் பொருத்தினார். செம்புக்குப் பதிலாக அவை அரிக்கப்பட்டன. செம்பு பிழைத்தது, ஆனால் செம்பின் நஞ்சு கரையாமற்போகவே சிப்பிகளும் பாசியும் கப்பலில் ஒட்டிக்கொண்டன என்பது வேறு கதை! அதே கோட்பாட்டின்படி நம் எஃகுக் கலனுக்குள்ளும் ஒரு மக்னீசியத் தண்டு தன்னை அழித்துக்கொண்டு கலனைக் காக்கிறது. அத்தண்டு கரைந்து முடிந்தபின் அரிப்பு கலனைத் தாக்கும். உரிய காலத்தில் தண்டை மாற்றினால் கலன் வாழும். உடலே கசியத் தொடங்கிவிட்டால் கலனைத்தான் மாற்ற வேண்டும். சுல்தானாவுக்குப் போட்ட ஒட்டை நாம் போட வேண்டாம்.

4. உடனடிவகைச் சூடேற்றியில் கசிதல்: இங்கே அச்சம் அழுத்தத்தைவிட மின்சாரத்தால் வருவது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், ஏறத்தாழ 16 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்திலேயே சராசரி ஆடவர் பிடித்த கம்பியை விடமுடியாமற்போகும் என்று ஆய்ந்து கண்டார். 1961இல் சிறு மின்கசிவையும் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். நம் மக்கள் இ.எல்.சி.பி. என்றழைக்கும் கருவி செய்யும் பணி அதுவே. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியைக் கோருகின்றன. டால்சியலின் எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். விதியின் பொருள் விளங்கும்.

செய்ய வேண்டியவை

கசிவைக் கண்டதும் முதலில் மின்விசையை அணையுங்கள். ஈரக்கையால் தொடாதீர்கள், விசையே நனைந்திருந்தால் வீட்டின் முதன்மை மின்பெட்டியில் அணையுங்கள். அடுத்து, கலனுக்குச் செல்லும் நீர் வால்வை மூடுங்கள். நீர் ஆறும்வரை கலனைத் தொட வேண்டா. பின்னர் உரிமம் பெற்ற பணியாளரை அழையுங்கள். மலேசியாவில் மின்வேலைக்குப் பதிவு பெற்ற வயர்மேன் உள்ளார். சிங்கப்பூரில் சேமிப்புவகைக் கலனைப் பொருத்த உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரே வேண்டும். வந்தவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: காப்பு வால்வு இயங்குகிறதா? மக்னீசியத் தண்டு எந்நிலையில் உள்ளது? மின்துண்டிப்பியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா?

'வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும்' என்று நாம் கரும்பலகையில் எழுதுகிறோம். மாணவர்களும் மனனம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அவ்வாசகத்தை வீட்டுக் குளியலறையோடு இணைத்துக் காட்டினால், காப்பு வால்வின் குழாயை யாரேனும் அடைக்க முற்படும்போது, "வேண்டாம் அப்பா, அது கலன் மூச்சுவிடும் வழி" என்று தடுக்க ஒரு பிள்ளையாவது வீட்டில் இருக்கும். ஒரு பாடத்துக்கு இதைவிட நல்ல தேர்ச்சி வேறென்ன வேண்டும்?