டிக்கன்ஸின் நாவலும் மாத்தளையின் 'குற்றவாளி'களும்

சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் இலங்கையின் பெயர் ஓரிடத்தில் வருகிறது. கையில் காசே இல்லாத ஹேர்பர்ட் பொக்கெட் என்ற இளைஞன், தான் செய்யப்போகும் வியாபாரங்களை நண்பன் பிப்பிடம் அடுக்கிக்கொண்டே போவான். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சீனி, புகையிலை. இலங்கையிலிருந்து யானைத் தந்தம்! கலேவெலப் பக்கம் யானைகளைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு இதை வாசித்தால் சிரிப்புத்தான் வரும். எங்கட யானைகளில் தந்தம் உள்ளவை மிகச் சிலதான்.

நாவல் 1860 டிசம்பரிலிருந்து 1861 ஓகஸ்ட் வரை தொடராக வந்தது. அந்தக் காலத்தில் இலங்கையை வைத்து லண்டன் பார்த்த பெரிய காசு தந்தத்தில் இல்லை, கோப்பியில் இருந்தது. டிக்கன்ஸ் முன்பு நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழிலேயே ஜோன் கப்பர் என்பவர் இலங்கைக் கோப்பித் தோட்டங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கோப்பி விளைந்த முக்கியமான மாவட்டங்களில் ஒன்று எங்கட மாத்தளை.

இந்த நாவலைக் காதல் கதையாகவும் வாசிக்கலாம். நாங்கள் அதைக் காசின் கதையாக வாசித்தோம். கொல்லன் பட்டறையில் வளர்ந்த பிப்புக்குத் திடீரென்று யாரோ பணம் அனுப்ப, அவன் லண்டன் போய்க் கனவானாகிறான். தன்னை வளர்த்த ஜோவைக் கண்டாலே அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. பணம் வசதியான மிஸ் ஹவிஷாமிடமிருந்து வருகிறது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் பார்த்தால், அனுப்பியது மெக்விச். நியூ சவுத் வேல்ஸுக்கு நாடு கடத்தப்பட்ட கைதி, அங்கே ஆடு மேய்த்து உழைத்த காசு அது. கனவானின் நல்ல சட்டைக்குப் பின்னால் ஒரு குற்றவாளியின் வியர்வை. பிப்புக்கு அருவருப்பு வருகிறது. டிக்கன்ஸ் எங்களைப் பார்க்கச் சொல்வது அந்த அருவருப்பைத்தான்.

இன்னொரு இடம் எங்களை இன்னும் யோசிக்க வைத்தது. மெக்விச்சும் கொம்பேசனும் ஒரே வழக்கில் கூட்டாளிகள், கொம்பேசன்தான் தலைவன். ஆனால் அவன் படித்தவன், பார்க்க மரியாதையானவன். அவனுக்கு ஏழு வருஷம், மெக்விச்சுக்குப் பதினான்கு. நீதிமன்றம் உடுப்பையும் பேச்சையும் பார்த்துத்தான் தண்டனையை நிறுத்தது. டிக்கன்ஸுக்கு இது கேள்விப்பட்ட சங்கதி இல்லை. 1824 இல் அவருடைய அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். 12 வயதுப் பையன் சார்ள்ஸ் சப்பாத்துப் பொலிஷ் தொழிற்சாலையில் வேலை செய்தான். ஏழையாக இருப்பதும் குற்றமாகலாம் என்று அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

இனி மாத்தளைக்கு வருவோம்.

1840 இன் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை உறுதி காட்டி நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணி என்று எடுத்துக்கொண்டது. கண்டிக் கிராமங்களில் சேனைக் காட்டுக்கு யாரிடம் எழுத்து உறுதி இருந்தது? தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியவர் ஒரு சட்டத்தோடு அத்துமீறியவராகிவிட்டார். அந்தக் காணிகளில் நிறைய, குறைந்த விலைக்குத் தோட்டக்காரர் கைக்குப் போயின. வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இருந்தார்கள்.

1847 இல் கோப்பி விலை விழுந்தது, அரசின் வருமானமும் விழுந்தது. 1848 இல் ஆளுநர் டொரிங்டன் துவக்கு, நாய், வண்டி, கடை என்று வரி போட்டார். வருஷத்துக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். அந்த யூலையில் எங்களுக்குப் பக்கத்துத் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். கூட்டம் மாத்தளைக்குப் போய்க் கச்சேரியைத் தாக்கியது. வரி ஆவணங்களை அழித்தது. அரசு இராணுவச் சட்டத்தால் பதில் சொன்னது. ஓகஸ்ட் 8 இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பௌத்த பிக்கு காவியுடையோடேயே சுடப்பட்டார். கொங்காலேகொட பண்டாவுக்கு முதலில் மரண தண்டனை, பிறகு அது கசையடியாகவும் நாடு கடத்தலாகவும் மாறியது. மலாக்காவுக்கு அனுப்பப்பட்டவர் 1849 இல் அங்கேயே இறந்தார்.

டொரிங்டனுக்கு என்ன நடந்தது? பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரித்தது, 1850 இல் பதவி போனது. சில வருஷங்களில் அரச மாளிகைச் சேவையில் அவருக்கு இடம் கிடைத்தது. கொம்பேசனின் ஏழு வருஷம் ஞாபகம் வருகிறது, இல்லையா?

கதை இதோடு முடிந்தால் அது பாடப்புத்தகக் கதை. புரன் அப்புவை நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அதே தம்புள்ளை–மாத்தளைப் பாதையில் அந்தக் காலத்தில் இன்னொரு கூட்டமும் நடந்து வந்தது. தமிழகத்திலிருந்து கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்த தொழிலாளர்கள். பசியாலும் கொலராவாலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்தவர்களுக்கு, வந்த செலவே முதல் கடன். 1865 இன் 11ஆம் இலக்கச் சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை. கடனைத் துண்டில் எழுதி, தோட்டத்துக்குத் தோட்டம் ஆளையும் கடனையும் சேர்த்தே கைமாற்றிய 'துண்டு முறை' 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. மார்ஷல்சீக்குச் சுவர் இருந்தது. தோட்டத்துக்குச் சுவர் தேவைப்படவில்லை, அந்தத் துண்டே போதும்.

ஆக, ஒரே கோப்பி இரண்டு விதமான குற்றவாளிகளை உண்டாக்கியது. காட்டுக்குள் போன சிங்கள விவசாயி அத்துமீறியவன். தோட்டத்தை விட்டு வெளியே போன தமிழ்த் தொழிலாளி ஓடிப்போனவன். இரண்டு பேருடைய இழப்பிலும் லாபம் பார்த்தவர்கள் கனவான்கள். ஆனால் எங்கட சமூகத்தில் இந்த இரண்டும் இரண்டு கதைகள். ஒன்றைச் சிங்களவர் தங்கட வீர வரலாறாகச் சொல்கிறார்கள், மற்றதை மலையகத் தமிழர் தங்கட துயரமாகச் சொல்கிறார்கள். போதாததற்கு, காணியைப் பறித்தவனை மறந்துவிட்டு, 'எங்கட காணியில் வந்து குந்தினவர்கள்' என்று தொழிலாளியைப் பார்க்கிற பேச்சும் வளர்ந்தது. 1948 இல் அவர்களுடைய குடியுரிமை பறிக்கப்பட்டபோது அந்தப் பேச்சும் உதவிக்கு நின்றது. இன்றைக்கும் லயத்தில் இருக்கிற எத்தனையோ குடும்பங்களுக்குக் காணி உறுதி இல்லை. 1840 இல் சேனைக்காரனிடம் கேட்ட அதே கடதாசிதான்.

நாவலின் முடிவில் மெக்விச்சின் சொத்து முழுவதும் முடிக்குப் போய்விடுகிறது. ஆனால் சிறையில் சாகக் கிடக்கும் அவனுடைய கையைப் பிப் பிடித்துக்கொள்கிறான். காசு போன பிறகுதான் அவனுக்கு அந்த மனிதன் தெரிகிறான். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒரே சந்தையில் சாமான் வாங்குகிற கலேவெலயில் இருந்துகொண்டு, இந்த இரண்டு கதைகளையும் ஒரே வகுப்பில் படிக்கலாமே என்று நாங்கள் கேட்கிறோம். யாராவது ஒருவரைக் கள்ளன், ஓடிப்போனவன், அத்துமீறியவன் என்று சொல்லும்போது, அந்தச் சட்டத்தை எழுதியது யார், அதனால் காசு பார்த்தது யார் என்று ஒருக்கா விசாரித்துப் பாருங்க.