கடலடியில் ஒரு வரிக்குதிரை

1955. அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், 'பயனீர்' என்ற அரசுக் கப்பல் ஏர் உழுவதுபோலப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. சாலுக்குச் சால் சுமார் 8 கிலோமீட்டர் இடைவெளி. கடலின் ஆழத்தை அளப்பதுதான் அதற்கு இட்ட வேலை. ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் இருந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் ரொனால்ட் மேசன், கூடவே ஒரு காந்தமானியையும் அனுப்பிவைத்தார். நீண்ட வடத்தில் கட்டப்பட்டு அது கப்பலுக்கு வெகு பின்னால் வந்தது. கப்பலோ இரும்பு; பக்கத்தில் வைத்தால் கப்பலைத்தான் அளக்கும்!

இவ்வகைக் கருவிக்குப் போர்க்கள அனுபவம் உண்டு. கல்ஃப் எண்ணெய் நிறுவன ஆய்வகத்தில் விக்டர் வாக்கியே உருவாக்கிய காந்தமானி, இரண்டாம் உலகப்போரில் விமானமேறி நீர்மூழ்கிகளைத் தேடியது.

பயனீரின் அளவுகளை வைத்து மேசனும் ஆர்தர் ராஃபும் 1961-இல் வரைபடம் வெளியிட்டார்கள். காந்தம் கூடிய இடத்துக்குக் கறுப்பு, குறைந்த இடத்துக்கு வெள்ளை. பார்த்தால் அசல் வரிக்குதிரைத் தோல்! வித்தியாசம் என்னவோ புவிக்காந்தத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் வரிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்டன. ஏன் என்று சொல்ல ஆளில்லை.

விடைக்கான நூல்முனை இந்துமாக்கடலில் கிடைத்தது.

1962-இல் பிரிட்டிஷ் கடற்படையின் 'ஓவன்' கப்பலில் போன கேம்பிரிட்ஜின் டிரம்மண்ட் மேத்யூஸ், கார்ல்ஸ்பெர்க் கடலடி மலைத்தொடரை அளந்து வந்தார். அவரது மாணவர் ஃபிரெட் வைன் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அங்கிருந்த இரண்டு குன்றுகளில் ஒன்றின் காந்தம் தலைகீழாக இருந்தது.

பூமியின் வட, தென் காந்த முனைகள் அவ்வப்போது இடம் மாறியிருக்கின்றன. மலைத்தொடரின் நடுப்பிளவில் எரிமலைக் குழம்பு பொங்கி இறுகும்போது, அன்றைய காந்தத் திசையைப் பாறை பிடித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த குழம்பு வர, பழைய பாறை இருபுறமும் விலகுகிறது. கறுப்பும் வெள்ளையும் அந்த முனைமாற்றங்களின் பதிவு. 1963 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் இருவரும் இதைச் சொன்னார்கள்.

அதே ஆண்டு, அதே யோசனையைக் கனடாவின் லாரன்ஸ் மார்லி அதே இதழுக்கு முன்னதாகவே அனுப்பியிருந்தார். திரும்பி வந்தது. இன்னொரு ஆய்விதழும், இது விருந்தில் பேசி மகிழத்தக்க சரக்கு என்ற தொனியில் தட்டிக்கழித்தது.

வைன், மேத்யூஸ் சொன்னதையும் பலர் நம்பவில்லை. வரிகள் நடுப்பிளவின் இருபக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே, எங்கே?

தென் பசிபிக்கில் 'எல்டானின்' கப்பல் எடுத்த 19-ஆம் பயணத்தின் காந்த அளவைத் தாள், ஆய்வாளர் வால்டர் பிட்மனின் மேசைக்கு வந்தது. அவர் தாளின் நகலை வலமிடமாகத் திருப்பி, மூலத்தின்மேல் வைத்தார். மேடும் பள்ளமும் பொருந்தி நின்றன.

(தொடரும்)