எழினிக்குப் பின்னால்: கிறித்தவ இசைமேடையும் பிற சமயக் கைகளும்

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் சமண இலக்கியம் பற்றியே எழுதி வருகிறவன் நான். இம்முறை கிறித்தவ இசைமேடை பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டியில், கொனப்பன அக்ரஹாரம் பக்கம், எனக்கு எலெக்ட்ரிக்கல் கடை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், ஊர் ஊராகச் செல்லும் கிறித்தவ இசைக்குழு ஒன்று இங்கே வந்தது. ஒயர் வாங்க வந்த தம்பி, "ஐயா, மெயின் போர்டு சூடாகுது, கொஞ்சம் வந்து பாருங்க" என்றான். போனவன் கடைசிவரை மேடைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். பொழுது சாய்ந்தபின் உண்ணாத வழக்கமுடையவன் ஆதலால், வந்த பொட்டலத்தைப் பக்கத்துப் பையனிடம் தள்ளிவிட்டேன்.

மறுவாரம் வந்தவாசியிலிருந்து போனில் பேசிய உறவுக்காரப் பிள்ளை, "என்ன மாமா, இந்த வயசுல சர்ச் வேலைக்கெல்லாம் போறீங்களாமே?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை. இக்கட்டுரையை அவனுக்குரிய பதிலாகக் கொள்ளலாம்.

அன்றிரவு முதலில் வந்த சிக்கல் நிழல். ஸ்பீக்கர் அடுக்கிய இரும்புக் கம்பத்தின் நிழல் பாடுகிறவர்கள் முகத்தில் விழுந்தது. லைட் பையன் ஏணியில் ஏறி மூன்று தரம் விளக்கை மாற்றினான். சமணத் துறவியென மரபு கூறும் இளங்கோவடிகள் இதை அரங்கேற்று காதையிலேயே சொல்லிவிட்டார். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு அமைய வேண்டும் என்கிறார். மேடை எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம். திரையோ ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று. மாதவி ஆடுவதற்கு முன்பே ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணம் வந்துவிடுகிறது. மாதவியை உலகம் அறியும். இவர்களில் ஒருவருக்கும் காப்பியத்தில் பெயர் இல்லை!

கிறித்தவ இசைமேடைக்கு வருவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெத்லகேம் குறவஞ்சி பாடியவர் என்பது பலரும் அறிந்தது. சுவார்ட்ஸ் பாதிரியார் அவரைச் சிறுவனாகவே தஞ்சைக்கு அழைத்து வந்தார். அதே பாதிரியாரின் பாதுகாப்பில் வளர்ந்த சரபோஜி மன்னர் சைவ மரபினர். ஆயினும் சாஸ்திரியாரை ஆதரித்தார். கிறித்தவக் கதாகாலட்சேபம் சாஸ்திரியாரின் வழித்தோன்றல்களால் தொடர்ந்து வந்திருக்கிறது. காலட்சேபத்தில் பாகவதர் மூச்சு வாங்கும் நேரத்தில் பாட்டைத் தாங்கிப் பிடிப்பவர் பின்பாட்டுக்காரர். அவர் தடுமாறினால் கதை நின்றுபோகும்.

ஆனால் என் உறவுக்காரப் பிள்ளைக்கு நான் காட்ட விரும்புவது சங்கரதாஸ் சுவாமிகளை (1867-1922). நெற்றி நிறையத் திருநீறு, முருக பக்தி, துறவுக் கோலம். அவர் எழுதிய இசை நாடகங்களில் ஒன்று ஞானசௌந்தரி. மாற்றாந்தாய் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அரசகுமாரி, தேவமாதாவின் அருளால் கைகளை மீளப் பெறும் கதை. வள்ளி திருமணம் எழுதிய அதே கை தேவமாதாவுக்கும் பாட்டெழுதிற்று.

சுவாமிகள் தொடக்கத்தில் எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்கள் புனைந்தவர். அவ்வேடத்தைக் கண்டு ஒரு கர்ப்பிணி அதிர்ச்சியில் இறந்ததாகவும், அதனால் வேடத்தையே விட்டுவிட்டதாகவும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. அதன்பின் அவர் வாத்தியார். பெரிய நடிகர்கள் மேடையில் கதையை விட்டுவிட்டுப் போட்டிப் பாட்டில் இறங்கிய காலம் அது. சிறுவர்களைச் சேர்த்துப் பாடம் சொல்லி ஒழுங்குபடுத்த 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று டி.கே. சண்முகம் பதிவு செய்துள்ளார்.

பாய்ஸ் கம்பெனி என்றால் சாமானியமில்லை. சீன் படுதா, மரக்கட்டு, உடைப் பெட்டி, ஆர்மோனியம், சமையல் பாத்திரம் அத்தனையும் ரயிலேறும். முன்கூட்டியே ஒருவர் போய்க் கொட்டகை பேச வேண்டும். பாட்டை மறந்த பையனுக்குப் பக்கப் படுதாவுக்குள் நின்று அடியெடுத்துக் கொடுக்க ஒருவர். நானும் வியாபாரி, சரக்கை ஏற்றி இறக்கும் பாடு எனக்குத் தெரியும். ஞானசௌந்தரி 1948-ல் இரண்டு தனித்தனிப் படங்களாகவே வந்தது என்றால், மேடையில் அதற்கிருந்த செல்வாக்கை ஊகிக்கலாம். கொட்டகையில் அழுத கூட்டம் கிறித்தவக் கூட்டம் மட்டுமா என்ன?

அன்றிரவு நிகழ்ச்சி முடிந்ததும் நன்றியுரையில் நன்கொடையாளர் பெயர்கள் நீளமாக வாசிக்கப்பட்டன. ஒயர் சுற்ற நானும் குனிந்தேன். எதிர்முனையைப் பிடித்திருந்தவன் அந்த லைட் பையன். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை. "சபரிமலைக்கா தம்பி?" என்றேன். "ஆமாங்க ஐயா, கன்னிசாமி. ஜனவரி வரைக்கும் இவங்களோடதான் புரோகிராம், நடுவுல ஒரு வாரம் லீவு கேட்டிருக்கேன்" என்றான்.

நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால விநோத சங்கீத சபாதான் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. எம்.என். நம்பியார் சிறுவனாகச் சேர்ந்த கம்பெனி அது. காட்சி ஜோடனைக்குப் பேர் போனது. ஐயப்பன் நாடகம் போட்ட அதே கம்பெனிதான் இயேசுநாதர் நாடகமும் போட்டது.