ஹாலோவீன்: அயலார் வாயிலில் ஓர் இரவு

புலம்பெயர்வோர் மூட்டை முடிச்சுகளை மட்டுமா எடுத்துச் செல்கின்றனர்? தம் திருநாட்களையும் சுமந்து செல்கின்றனர். அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று கொண்டாடப்பெறும் ஹாலோவீன் அதற்கு நல்ல சான்று.

நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள். முற்காலத்தில் இங்கிலாந்தின் எளியோர் இந்நாட்களில் வீடு வீடாகச் சென்று, இறந்தோர்க்காக மன்றாடி, 'ஆன்ம அப்பம்' பெற்றனர். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் சிறுவர் வேடமிட்டுப் பாடிப் பழமும் கொட்டையும் பெற்றனர். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினர். 1845இல் தொடங்கிய பஞ்சம் அயர்லாந்தினரை இலட்சக்கணக்கில் கடல் கடக்கச் செய்தது. புதிய மண்ணில் எளிதாய்க் கிடைத்த பூசணி, கிழங்கின் இடத்தைப் பெற்றது.

ஆயினும் குறும்பும் உடன் வளர்ந்தது. வேலிக் கதவுகளைக் கழற்றியும் சன்னல்களை உடைத்தும் இளைஞர் எல்லை மீறினர். கடிந்துரைப்பதோடு நில்லாமல், 1930களில் பல ஊரார் கதவைத் திறந்து இனிப்பு வழங்கலாயினர். 'விருந்தா, குறும்பா?' என்னும் வினா வேரூன்றிற்று. 1942இல் வந்த சர்க்கரைப் பங்கீட்டால் தளர்ந்த வழக்கம், 1947இல் அது நீங்கியபின் தழைத்தது. 1950இல் பிலடெல்பியாச் சிறுவர் சிலர் பால் அட்டைப்பெட்டிகளில் 17 டாலர் திரட்டி, பிற நாட்டுக் குழந்தைகளுக்கென யூனிசெப் நிறுவனத்துக்கு அளித்தனர்.

எழுதா முறைகளும் எழுந்தன. விளக்கெரியும் வாயிலையே சிறுவர் நாடுவர். இருண்ட வீட்டைத் தட்டார். கொடுத்ததைப் பெற்று நன்றி கூறுவர். இளங்குழந்தைகளுடன் பெற்றோர் செல்வர்.

பூட்டிய கதவினும் திறந்த கதவே வீதியைக் காத்தது. மொழியறியா அண்டை வீட்டாரைக் கொலுவுக்கு அழைத்துச் சுண்டல் அளிக்கும் நாமும், வெளி மாநிலங்களில் அவ்வழியே செல்கின்றோம் அன்றோ?