குமரி மணலும் பிரேசில் மணலும்

குமரிமுனை மணலுக்குப் பல நிறம். கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாய்க் கிடக்கும் அந்த மணலுக்குப் பழமை விரும்பிகள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கன்னித் தேவிக்கு நடக்கவிருந்த திருமணம் தடைப்பட்டதாம். விருந்துக்குக் குவித்த அரிசியும் தானியமும் மணலாய் மாறினவாம்! கதை கேட்டுக் கைகூப்பி நின்றோம் நாம். கடல் கடந்தவனோ, ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்துப் பார்த்தான்.

1909இல் ஷோம்பர்க் எனும் ஜெர்மன் வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருக்கக் கண்டார். மோனசைட்டில் தோரியம் உண்டு. காஸ் விளக்கில் கட்டும் மாண்டிலுக்குத் தோரியம் தேவை. மேலைநாட்டு நகரங்கள் பல அந்நாளில் அந்த விளக்காலும் ஒளி பெற்றன. 1910இல் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது.

அதற்கு முன்பே, 1890களிலேயே, பிரேசில் நாட்டின் பாகியா கடற்கரை மணல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. இரண்டும் வறுமை வாட்டிய நாடுகள். இரு கரையிலும் முதல் போட்டவர் தனியார். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

முதலீடு வந்தது என்றாலே வளம் வந்தது என்று முழங்குவோர் உளர். எத்தகைய முதல் என்று நாம் கேட்கிறோம். ஆண்டுக்கணக்கில் நின்று பயன் தரும் கட்டடம், பொறி, ஆலை ஆகியவற்றையே பொருளியலார் நிலைமுதல் என்பர். அதிலும் தரம் உண்டு. மணலை அள்ளிப் பிரித்து மூட்டை கட்டக் கொட்டகையும் சில பொறிகளும் போதும். மோனசைட்டைச் சிதைத்துத் தோரியத்தையும் அருமண் உப்புகளையும் எடுக்கவோ, வேதியியல் ஆலை வேண்டும், மின்விசை வேண்டும், கற்ற தொழிலாளர் வேண்டும். முன்னது கூலியை விட்டுச் செல்லும்; பின்னது கூலியோடு அறிவையும் விட்டுச் செல்லும்.

முதல் உலகப்போர் மூண்டது. மணவாளக்குறிச்சித் தொழில் ஜெர்மானியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கை மாறியது, கணக்கு மாறவில்லை. மணல் இங்கே, மாண்டில் அங்கே!

பிரேசிலில் 1940களில் திருப்பம் ஏற்பட்டது. சாவோ பாலோ நகரில் ஒர்க்கிமா எனும் உள்நாட்டுத் தனியார் நிறுவனம் மோனசைட்டைச் சிதைக்கும் ஆலையை நிறுவிற்று. 1951ஆம் ஆண்டுச் சட்டம், தோரியத் தாதுவை அரசுக்கு அரசு என்ற வழியிலன்றி வெளியே விற்கக் கூடாது என்றது. பின்னர் அந்த ஆலையும் அரசுடைமையாயிற்று.

இங்கோ, நாற்பது ஆண்டு மணல் அள்ளிய தனியார் அத்தகைய ஆலையை எழுப்பவில்லை. 1950இல் இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் கூடி இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. 1952இல் ஆலுவாயில் ஆலை இயங்கத் தொடங்கியது. 1963இல் அந்நிறுவனம் முழுமையாக மத்திய அரசின் கைக்கு வந்தது. மணவாளக்குறிச்சியும் பின்னர் அதன் ஆளுகைக்குள் வந்தது. இதனிடையே, போராடியும் குண்டடிபட்டும் குமரி மக்கள் 1956 நவம்பர் 1இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தனர். விளைவு? மணல் தமிழகத்தில், அதைச் சிதைக்கும் ஆலை கேரளத்தில்!

தனியார் வந்தால் பொன் கொழிக்கும் என்பது ஒரு புராணம். அரசு ஏற்றால் அனைத்தும் தீரும் என்பது மற்றொரு புராணம். பிரேசிலில் தனியார் செய்ததை இங்கே தனியார் செய்யவில்லை. இங்கே செய்த அரசோ, மணல் கிடந்த ஊரில் செய்யவில்லை. ஆகவே, முதல் போட்டவர் யார் என்பதோடு நின்றுவிடாமல், அது எங்கே வேரூன்றியது, யாருக்குத் தொழில் கற்றுத் தந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

அந்தக் கரையில் குடியிருப்போர் மீனவர். தோரியம் கலந்த அம்மண்ணில் இயற்கையிலேயே கதிர்வீச்சு மிகுதி. மணல் எடுப்பால் கரைக்கும் உடலுக்கும் என்ன நேரும் என்று அவர்கள் கேட்டால், அதை அறியாமை என்று ஒதுக்குவது அறிவியல் ஆகாது. அளந்து காட்டி விடை சொல்வதே அறிவியல். அந்த அளவைக் கேட்டுப் பெறும் துணிவும், பெற்றதைப் படித்தறியும் பயிற்சியும் நம் இளைஞர்க்கு வாய்க்க வேண்டும். மூட்டையை எண்ணுவோர் என்றும் உண்டு. எஞ்சியதை எண்ணுவோர் நாமாக இருப்போம்!