நெய்வேலிச் சுரங்க நில மீட்பு

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்துத் தீர்ந்த பள்ளங்களை நிரவி, மண்மேடுகளில் மரமும் பயிரும் வளர்க்கும் பணி. 1935இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் தென்பட்டது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது; 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதுவரை இப்பகுதி முந்திரியும் பலாவும் மானாவாரி நிலக்கடலையும் விளைந்த செம்மண் மேட்டுநிலம். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். சக்கர வாளி எந்திரங்கள் வெட்டிக் கொட்டும்போது ஆழத்து மணலும் களிமண்ணும் மேலே வருகின்றன; சருகும் வேரும் மண்புழுவும் பல தலைமுறையாக ஆக்கிய மேல்மண், தனியே ஒதுக்கி வைக்காவிட்டால், அடியில் புதைந்துபோகிறது. தழைச்சத்தும் மக்கும் அற்ற குவியலை மழைநீர் அரித்துப் பள்ளம் பறிக்கிறது.

அதனால்தான் மேட்டுச் சரிவுகளில் சவுக்கும் தைல மரமும் நடப்பட்டன. சமன்செய்த இடங்களில் எருவிட்டு நெல்லும் விளைவித்துப் பார்த்தார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் பசுமை தெரிகிறது. ஆனால் மரம் நின்றதாலேயே மண் மீண்டுவிட்டதாகக் கொள்ள முடியாது. வளமில்லாத மண்ணில் வேறெது பிழைக்கும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் சவுக்கு, முதல் படிக்கு ஏற்ற மரமே. அதையே கடைசிப் படியாக்குவதுதான் பிழை. அதன் நிழலில் வேம்பும் புங்கமும் பலாவும் தலையெடுக்க வேண்டும். மேல்மண்ணைப் பிரித்துக் காப்பது கட்டுப்படியாகாது என்ற வாதமும் உண்டு. அமெரிக்கா 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனியின் ரைன் பகுதிச் சுரங்கங்களில் வளமான மண்ணைத் தனியே எடுத்து, நிரவிய நிலத்தில் கனமாகப் பரப்பி உழவர்களிடம் திரும்ப ஒப்படைக்கிறார்கள். இந்தியாவிலோ 2020 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது.

முந்திரித் தோப்பு பல குடும்பங்களின் வருமானம். அதே இடத்தில் எழும் சவுக்குத் தோப்பு நிறுவனத்தின் சொத்து. எத்தனை ஏக்கர் பசுமையானது என்ற கணக்கில் இந்தக் கைமாற்றம் தெரிவதில்லை. 2023 ஜூலையில் அருகிலுள்ள வளையமாதேவி கிராமத்தில் சுரங்கத்துக்கு வாய்க்கால் வெட்டுவதற்காக விளைந்துகொண்டிருந்த நெற்பயிர் அழிக்கப்பட்டது. சுரங்கம் மேட்டுநிலத்தைக் கடந்து நஞ்சைக்கு வந்துவிட்டது. அங்கே மீட்பு என்றால் உழவர் கையில் திரும்பி வந்து நெல் விளையும் வயல்தான்.